தாத்தாவின் வால்வு ரேடியோவை கிட்டார் ஆம்ப்ளிஃபயராக மாற்றலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சியில் தாத்தா வீட்டு மச்சிலிருந்து ஒரு வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய் ரேடியோ, இறங்கியிருக்கிறது. ஓடவில்லை. பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஐந்து வால்வு. அதில் ஒன்றில் ‘எல்84’ என்று மட்டும் தெரிகிறது, அதற்கு முன்னால் இருந்த எழுத்து அழிந்துவிட்டது. யூடியூபில் ஒருவர் இதே மாதிரி ரேடியோவில் ஒரு ஜாக் (கிட்டார் கேபிள் செருகும் துளை) வைத்து, இரண்டு கம்பியைப் பற்றவைத்து, கிட்டார் வாசித்துக் காட்டுகிறார். நீங்களும் அப்படிச் செய்யலாமா, செய்தால் அந்தக் கரகரப்புச் சத்தம் வர எந்தக் கண்டன்சரை (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டன்சருக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த அழிந்துபோன எழுத்து. அது ஆங்கில ‘ஈ’யா (E) ‘யூ’வா (U) என்பதைப் பொறுத்துத்தான் இந்த வேலையில் கை வைக்கலாமா என்பதையே சொல்ல முடியும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவன். வீட்டு ரேடியோக்கள் குறைந்த பிறகு மைக் செட் வேலை. அம்மன் கொடைக்கும் சர்ச் அசனத்துக்கும் போகிற வால்வு ஆம்ப்ளிஃபயர்களை ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் என்னிடம் வந்தது ரொம்பப் பிந்தி, சர்ச் வாலிபர் குழுப் பையன்கள் வழியாக. எனக்கு கிட்டார் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆகவே மின்சாரம், அளவு, வெப்பம் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் இனிமையா இல்லையா என்று நான் சொன்னால் பாதிதான் நம்புங்கள். ஒரு ஆறுதல், ஃபெண்டர் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் உருவாக்கிய லியோ ஃபெண்டரும் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர்தான். அவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது.

வால்வின் பெயர் ஏதோ கம்பெனி போட்ட நம்பர் இல்லை. ஐரோப்பிய முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. முதல் எழுத்து ஃபிலமெண்டை, அதாவது வால்வைச் சூடாக்கும் இழையை, சொல்லும். ஈ என்றால் 6.3 வோல்ட். யூ என்றால் வோல்ட் கணக்கில்லை, 100 மில்லி ஆம்பியர் ஓட்டம் என்று அர்த்தம். பழைய டிவியில் வந்த பி (P) என்றால் 300 மில்லி. அடுத்த எழுத்து வேலையைச் சொல்லும். எல் என்றால் ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் வால்வு, சி என்றால் டிரையோடு (சின்ன சிக்னலைப் பெருக்குவது), ஒய் என்றால் ஒற்றை ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்குவது), இசட் என்றால் இரட்டை ரெக்டிஃபயர். எட்டில் தொடங்கும் நம்பர், ஒன்பது கால் உள்ள சின்ன சாக்கெட். அப்படிப் பார்த்தால் ஈஎல்84-உம் யூஎல்84-உம் ஒரே குடும்பம், பக்கத்தில் வைத்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஆனால் அவை உட்கார்ந்திருக்கும் செட்டுகள் வேறு வேறு.

ஈ வால்வுகள் உள்ள செட்டில் பொதுவாக ஒரு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அதன் ஒரு சுருளோடு நின்றுவிடும். உள்ளே போவது தனிச் சுருளிலிருந்து. யூ வால்வு செட்டில் பொதுவாக மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஃபிலமெண்டுகளைத் தோரணம் மாதிரி வரிசையாகக் கோத்து நேராக மெயின்ஸில் போட்டிருப்பார்கள். யூசிஎச்81-க்கு 19 வோல்ட், யூபிஎஃப்89-க்கு 19, யூபிசி81-க்கு 14, யூஎல்84-க்கு 45, ரெக்டிஃபயர் யூஒய்85-க்கு 38. கூட்டினால் 135. மிச்சம் 95 வோல்ட்டை ஒரு கம்பிச்சுற்று ரெசிஸ்டன்ஸ் சூடாக்கித் தின்றுவிடும். ஏசியிலும் ஓடும், டிசியிலும் ஓடும், விலையும் குறைவு, அதனால் நிறைய விற்றார்கள். இந்த ஏற்பாட்டில் சேசிஸ், அதாவது எல்லாம் பொருத்தியிருக்கும் அந்தத் தகரம், மெயின்ஸின் ஒரு கம்பியோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். ரேடியோவாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மரப்பெட்டி, பிளாஸ்டிக் திருகு, அட்டை மூடி என்று எங்கும் கை படாமல் மூடியிருப்பார்கள். கிட்டார் ஜாக்கை அந்தத் தகரத்தில் பொருத்தினால் ஜாக்கின் வெளி உலோகம், கேபிளின் வலை, கிட்டாரின் பிரிட்ஜ், கடைசியில் உங்கள் விரலடியில் இருக்கும் ஆறு கம்பியும் மெயின்ஸோடு சேர்ந்துவிடும்.

பிளக் எப்படிச் செருகியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தத் தகரத்தில் நியூட்ரல் இருக்கலாம், பேஸ் (அடிக்கிற கரண்ட் உள்ள கம்பி) இருக்கலாம். யூடியூப்காரருக்கு அன்று நியூட்ரல் விழுந்திருக்கும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகிய அன்று கதை மாறும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சில செட்டுகளில் ஸ்விட்ச் சேசிஸ் பக்கத்துக் கம்பியில் இருக்கும். அப்போது நியூட்ரல் பக்கம் சேசிஸ் வருமாறு சரியாகவே செருகியிருந்தாலும், ஸ்விட்சை அணைத்ததும் ஃபிலமெண்ட் தோரணம் வழியாகப் பேஸ் வந்து தகரத்தில் உட்கார்ந்துவிடும். அணைத்துவிட்டோமே என்று தொடுகிறவனுக்குத்தான் அடி.

இது நான் படித்துச் சொல்வது இல்லை. சில வருஷத்துக்கு முன்னால் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் இதே மாதிரி மாற்றிய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணாச்சி, வீட்டுல நல்லாத்தான் இருந்துச்சு. சர்ச்சுல மைக்குல வாயை வச்சதும் உதட்டுல சுள்ளுனு அடிக்குது” என்றான். மைக் ஆம்ப்ளிஃபயரில் எர்த் உண்டு, கையிலிருக்கும் கிட்டார் கம்பியில் பேஸ், இரண்டுக்கும் நடுவில் இவன் உதடு. அன்றைக்குச் செருப்புப் போட்டுக் காய்ந்த மரமேடையில் நின்றிருந்தான். டெஸ்டரை எடுத்து அவன் கண்ணெதிரே கிட்டார் கம்பியில் வைத்தேன். நியான் பளிச்சென்று எரிந்தது. அவன் பேசவே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை அந்த எழுத்தைக் கண்டுபிடிப்பது. துணியால் துடைத்துவிடாதீர்கள், மிச்சமும் போய்விடும். செட் பிளக்கில் இல்லாதபோது வால்வை மெல்ல ஆட்டி நேராக மேலே இழுத்து எடுங்கள். கண்ணாடி மேல் வாயைக் குவிக்காமல் ‘ஹா’ என்று மூச்சு விடுங்கள். மை போன இடத்தில் பனி வேறு மாதிரி படியும். விளக்குக்குச் சாய்வாகப் பிடித்தால் இரண்டு நொடிக்கு எழுத்து தெரிந்து மறையும். தெரியாவிட்டால் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் மற்ற நான்கில் ஏதாவது ஒன்றைப் படிக்க முடிந்தால் போதும், அந்தக் காலத்து ஒரு ரேடியோவுக்குள் யூ வரிசையும் ஈ வரிசையும் கலந்து வருவது அபூர்வம்.

எழுத்து ஈ என்று வந்தாலும், உள்ளே கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாலும், மீட்டர் வைக்காமல் நம்பக்கூடாது. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த செட்டுகளும் உண்டு, அவற்றில் இரும்பு இருக்கும், தனிச் சுருள் இருக்காது. பிளக் கையில் இருக்கட்டும், சுவரில் வேண்டாம். ரேடியோ ஸ்விட்சை மட்டும் ஆன் செய்யுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பிளக்கின் ஒரு பின்னுக்கும் சேசிஸுக்கும், பிறகு அடுத்த பின்னுக்கும் சேசிஸுக்கும் அளந்து பாருங்கள். இரண்டிலும் மீட்டர் அசையாமல் இருந்தால் சேசிஸ் தனி. ஒன்றில் பூஜ்யமோ சில நூறு ஓம்ஸோ காட்டினால் அது மெயின்ஸோடு சேர்ந்த செட்.

சேர்ந்த செட் என்றால் என் பதில் இங்கேயே முடிந்துவிடும். தனியாக ஒரு 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு அதையும் பாதுகாப்பாக்கலாம், சர்க்யூட் தெரிந்தவர்கள் செய்கிறார்கள். முதல் தடவை சால்டரிங் அயன் பிடிக்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த ரேடியோவை ரேடியோவாகவே சரிசெய்து, திருநெல்வேலி வானொலி கேட்டுக்கொண்டிருங்கள்.

ஈ என்று வந்து மீட்டரும் ஒத்துக்கொண்டால் மேலே போகலாம். உடனே பிளக்கைச் செருகிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் மச்சில் கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர், அதாவது டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர், உள்ளே காய்ந்திருக்கும், முழு வோல்ட் ஏறியதும் ஷார்ட் ஆகும், கூடவே ரெக்டிஃபயரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோகும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். 60 வாட் குண்டு பல்பு வழியாகச் செட்டுக்குக் கரண்ட் போக வேண்டும். எல்இடி பல்பு உதவாது, இழை எரிகிற பல்புதான். போட்டதும் பல்பு ஒரு மினுக்கு மினுக்கி மங்கினால் நல்லது. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், அணைத்துவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை வீடுகளிலிருந்து வந்த செட்டுகளில் இந்த பல்புதான் எனக்குக் கண். வெளியே காய்ந்து சுத்தமாக இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள் ஈரம் அப்படியே இருக்கும். உங்கள் செட் தண்ணீர் பார்த்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருந்தால் பல வாரம் வெயிலும் காற்றும் காட்டாமல் பல்பில்கூடப் போடாதீர்கள்.

உள்ளே 250 முதல் 300 வோல்ட் டிசி இருக்கும். அது அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் தங்கும். நான் தொழில் கற்ற முதல் வருஷம், பிளக்கை உருவி ஒரு டீ குடித்துவிட்டு வந்து கை வைத்தேன். இடது கையில் ஏறி மார்பு வரை இழுத்தது, பின்னால் இருந்த பெஞ்சில் போய் விழுந்தேன். முதலாளி ஓடி வந்து பார்த்துவிட்டு, “ஏலே, ஒரு கைய டவுசர் பையில போட்டுட்டு வேல செய்யி” என்றார். இன்றுவரை அதுதான் பழக்கம். அந்த ஃபில்டர் கண்டன்சருக்குக் குறுக்கே 220கே (கே என்றால் ஆயிரம் ஓம்ஸ்), 2 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். அணைத்த ஒரு நிமிஷத்தில் வடித்துவிடும். அதற்குப் பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். மூன்று பின் பிளக், எர்த் கம்பி சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்கியது, 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ், இந்த மூன்றும் இல்லாமல் கிட்டார் ஜாக் வைக்கக்கூடாது. பிளக்கில் எர்த் இருந்தால் போதாது, வீட்டு எர்த் உண்மையில் எர்த்தா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றவேண்டிய கண்டன்சர் ஒன்றே ஒன்றை மட்டும் சொல் என்றால், ஈஎல்84-இன் கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே நுழையும் இடம்) வருகிற இணைப்புக் கண்டன்சர். மெழுகோ தாரோ பூசிய பேப்பர் கண்டன்சராக இருக்கும், எங்கள் ஊர் சித்திரை வெயிலில் மெழுகு ஒழுகிச் சேசிஸில் சொட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதன் வேலை முந்தைய வால்வின் பிளேட்டில் (பெருக்கிய சிக்னல் வெளிவரும் இடம்) இருக்கும் டிசியைத் தடுத்து, சத்தத்தை மட்டும் அனுப்புவது. வயசானால் டிசியும் கொஞ்சம் கசியும். செட் ஓடும்போது மீட்டரின் கருப்பு சேசிஸில், சிவப்பு ஈஎல்84-இன் 2ஆம் காலில். பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் பிளஸ் வந்தாலே கசிவு. கிரிட் பிளஸ் பக்கம் போனால் வால்வு அளவில்லாமல் கரண்ட் இழுக்கும். இருட்டில் பார்த்தால் சாம்பல் நிறப் பிளேட் அடுப்புக்கரி மாதிரிச் சிவந்திருக்கும். அளந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை, பார்த்ததும் கழற்றி 630 வோல்ட் பாலியஸ்டர் போட்டுவிடலாம்.

அடுத்தது 3ஆம் கால், கேத்தோடு, அதாவது பிளேட்டும் ஸ்கிரீனும் இழுக்கும் கரண்ட் மொத்தமும் போகும் இடம். ஈஎல்84 பிளேட்டின் வெப்ப வரம்பு 12 வாட். புத்தகக் கணக்கில் பிளேட்டில் 250 வோல்ட், கேத்தோடு ரெசிஸ்டன்ஸ் 135 ஓம்ஸ், அதன் மேல் 7.3 வோல்ட், பிளேட் கரண்ட் 48 மில்லி. பெருக்கினால் சரியாக 12. அதாவது கம்பெனி கொடுத்த அளவிலேயே அது வரம்பில் நிற்கிறது. இங்கே ராத்திரியில் பம்ப்செட்டுகள் ஓய்ந்த பிறகு மெயின்ஸ் 250-ஐத் தொடும் ஊர்கள் உண்டு, உள்ளே எல்லாம் அதே விகிதத்தில் ஏறும். போன வருஷம் பார்த்த ஒரு செட்டில் பிளேட்டில் 285, கேத்தோடில் 8.6 வோல்ட், ரெசிஸ்டன்ஸ் 135. 8.6-ஐ 135-ஆல் வகுத்தால் 64 மில்லி. ஸ்கிரீன், அதாவது கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கும் இன்னொரு வலை, அதன் பங்கு 6 போனால் 58. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 276 வோல்ட். பதினாறு வாட்! 135-ஐக் கழற்றி 220 போட்டதும் கேத்தோடு 10.2-க்கு ஏறியது, மொத்தம் 46 மில்லி, பிளேட்டில் பதினொன்றரை வாட். செட்டின் பின்னால் 220, 240 என்று வோல்ட் மாற்றும் கட்டை இருந்தால் அதை முதலில் மேல் எண்ணுக்கு மாற்றிவிட்டு அளந்து பாருங்கள், ஃபிலமெண்டுக்கும் நல்லது.

இதெல்லாம் ஆனபிறகுதான் கிட்டார். செட்டின் பின்னால் கிராமஃபோன் சாக்கெட் இருந்தால் முதலில் அதிலேயே செருகிப் பாருங்கள், எதையும் வெட்டாமல். சத்தம் வரும், ஆனால் சன்னமாக, கம்பளி போர்த்தியது மாதிரி. காரணம் உண்டு. அங்கே ஈபிசி81 அல்லது ஈஏபிசி80-இன் டிரையோடு ஒன்றுதான் வேலை செய்கிறது, கிட்டத்தட்ட 50 மடங்கு பெருக்கும். கிட்டார் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) சாதாரண வாசிப்பில் நூறு மில்லி வோல்ட் சுற்றிக் கொடுக்கும், அது 5 வோல்ட் ஆகும். ஈஎல்84-ஐ முழுசாக ஓட்ட 7 வோல்ட்டுக்கு மேல் உச்சம் வேண்டும். ஆக சுத்தமான சத்தம் ஓரளவு வரும், கரகரப்பு வராது. மேலும் அந்த டிரையோடுக்குக் கேத்தோடு ரெசிஸ்டன்ஸே இல்லாமல், கிரிட்டில் 10 மெக் (மெக் என்றால் பத்து லட்சம் ஓம்ஸ்) போட்டு பயாஸ், அதாவது கிரிட்டில் நிற்கவேண்டிய நிலையான வோல்ட், எடுத்திருப்பார்கள். ரேடியோவின் சின்ன சிக்னலுக்கு அது போதும். கிட்டாரை ஓங்கி அடித்தால் கிரிட் அடைத்துக்கொண்டு, ஒரு நொடி மூச்சு விட்டு மறுபடி வரும். அதை மாற்றி, ஜாக்கிலிருந்து சேசிஸுக்கு 1 மெக், கிரிட்டுக்கு 68கே வழியாக, கேத்தோடில் 2.2கே போட்டால் ஒழுங்காகிவிடும்.

அந்த 68கே எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் கடையில் ஒரு பையன் அதை விட்டுவிட்டு ஓட்டினான். அவன் வாசிப்பை நிறுத்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் விலை நிலவரம் வாசிக்கிற குரல். திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸ், கிட்டார் கேபிள் அதற்கு ஏரியல். ரேடியோவை ஆம்ப்ளிஃபயராக்க வந்தவன், ஆம்ப்ளிஃபயரை ரேடியோவாக்கிவிட்டான் என்று கடையே சிரித்தது. 68கே ரெசிஸ்டன்ஸும் வால்வுக்குள் இருக்கும் சில பத்து பிக்கோஃபாரட்டும் சேர்ந்து அந்த அலைவரிசையை அடக்கிவிடும், காதுக்கு வேண்டியது தப்பித்துக்கொள்ளும். ரெசிஸ்டன்ஸை ஜாக்கில் வைக்காமல் வால்வு சாக்கெட்டின் காலோடு ஒட்டிப் பற்றவையுங்கள்.

கரகரப்பு வேண்டுமென்றால் இன்னொரு பெருக்கு நிலை வேண்டும். ரேடியோ பாகம் இனி தேவையில்லை என்று நீங்கள் முடிவெடுத்தால், ஈசிஎச்81 இருந்த சாக்கெட்டின் பழைய இணைப்புகளை முழுசாகக் கழற்றி, அதில் ஈசிசி83 வைக்கலாம். அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. ஒரு கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு, பெருக்கு எண் 100. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டுமே ஒன்பது கால்தான், இரண்டுக்கும் 6.3 வோல்ட்டில் 300 மில்லி போதும், ஆனால் ஃபிலமெண்ட் கால்கள் ஒன்றில்லை. ஈசிஎச்81-க்கு 4, 5. ஈசிசி83-க்கு 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து ஒரு கம்பி, 9-இல் மற்றது. பழைய வயரிங்கில் அப்படியே செருகினால் அரைச் சூட்டில் மங்கி நிற்கும், வால்வு போச்சு என்று தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு டிரையோடுக்கும் பிளேட்டில் 100கே, கேத்தோடில் 1.5கே. 250 வோல்ட் கொடுத்தால் பிளேட்டில் 160 முதல் 180, கேத்தோடில் 1.2 பக்கம் வரும். இரண்டு நிலைக்கும் நடுவில் 1 மெக் வால்யூம். ஃபெண்டரின் பழைய சின்ன ஆம்ப்ளிஃபயர் சாம்ப் இதே எலும்புக்கூடுதான், அவுட்புட் வால்வு மட்டும் 6வி6, ஐந்து வாட் சுற்றி. பெரிய பெயர்களும் இப்படி ஒன்றிலிருந்து ஒன்று வந்தவைதான். ஃபெண்டரின் பாஸ்மேன் சர்க்யூட்டை எடுத்து, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் போட்டு 1960களின் தொடக்கத்தில் வந்ததுதான் மார்ஷலின் ஜேடிஎம்45.

இப்போது உங்கள் கண்டன்சர். கேத்தோடு ரெசிஸ்டன்ஸுக்குக் குறுக்கே 25 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போட்டால் எல்லாச் சுரமும் முழுப் பெருக்கில் போகும். அதே இடத்தில் 0.68 மைக்ரோ போட்டால் 1.5கே-யோடு சேர்ந்து 156 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கு இறங்கும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதாவது அடிச்சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து அனுப்புகிறீர்கள். புதிதாகச் செய்கிறவர்கள் பாஸ் குறைகிறதே என்று பெரிதாகப் போடுவார்கள், கரகரப்பில் அது சேற்றில் கால் வைத்தது மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். சத்தத்தை உடைப்பதற்கு முன்னால் அடிச்சத்தத்தைக் குறை, உடைத்த பிறகு உச்சியைக் குறை. நான் பார்த்த அத்தனை நல்ல கிட்டார் சர்க்யூட்டிலும் இந்த வரிசை இருக்கிறது. ஈஎல்84-க்குப் போகும் இணைப்புக் கண்டன்சரும் அப்படியே. 0.1 மைக்ரோ, 470கே என்று வைத்தால், கிரிட் ஒருமுறை நிரம்பி வடிய 47 மில்லி செகண்ட், வேகமாக வாசித்தால் அடுத்த அடி அதற்குள் விழுந்துவிடும், சத்தம் திக்கும். 0.01 போட்டால் ஐந்து மில்லி செகண்டுக்கும் கீழே, அப்போதும் 34 ஹெர்ட்ஸ் வரை போகும். ரேடியோவில் ஈஎல்84-ஐ யாரும் இப்படி மிதித்து ஓட்டுவதில்லை, அதனால் ஸ்கிரீன் காலில் ரெசிஸ்டன்ஸ் இல்லாமல் விட்டிருப்பார்கள். 9ஆம் காலுக்கு 1கே, 2 வாட் ஒன்று தொடராகப் போடுங்கள். ஸ்கிரீனின் வரம்பு 2 வாட்தான், பிளேட்டைவிட அதுதான் முதலில் சாகும்.

இதுவரை சொன்னது அளவு வைத்து நிரூபிக்கக்கூடியது. இனி வருவது பேச்சு. பழைய பேப்பர் கண்டன்சரில்தான் இனிமை, கார்பன் ரெசிஸ்டன்ஸில்தான் உயிர், அந்த நாட்டு வால்வு, இந்த வருஷத்து வால்வு என்று நிறையப் படிப்பீர்கள். பழைய கார்பன் ரெசிஸ்டன்ஸ் சீறும், அது உறுதி. கசிந்த கண்டன்சர் பயாஸை மாற்றி, அதனால் சத்தம் மாறும், அதுவும் உறுதி. நல்ல நிலையில் இருக்கும் இரண்டு கண்டன்சரில், ஒரே மதிப்பில், விலை பத்து மடங்கு வேறாக இருப்பதைக் காதால் கண்டுபிடிக்கிறேன் என்று சொன்னவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நான் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் தொடர்ந்து சரியாகச் சொன்னதில்லை. ஆனால் அது மூன்று பேர், என் கடை, மதிய இரைச்சல். அதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வு மேலா, இப்போது ஸ்லோவாக்கியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருவது மேலா என்பதிலும் எனக்குக் கட்சி இல்லை. மச்சில் கிடந்த உங்கள் ஈஎல்84 உயிரோடு இருந்தால் அதிலேயே ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் விசாரியுங்கள்.

ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கண்டன்சரில் நூறு ரூபாய் செலவழிப்பதைவிட ஸ்பீக்கரில் செலவழியுங்கள். ரேடியோ ஸ்பீக்கர் மெல்லிய காகிதம், அரை வாட் பேச்சுக்குப் பழகியது. ஈஎல்84 ஒன்று ஐந்தரை வாட் தரும். 50 வாட் ஆம்ப்ளிஃபயர் இதைவிடப் பத்து மடங்கு சத்தம் என்று நினைக்காதீர்கள், காதுக்குச் சுமார் இரண்டு மடங்குதான், பத்து டெசிபல். ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் தருகிற ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 97 தருகிற பன்னிரண்டு இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கரைப் போட்டால் அதே பத்து டெசிபல் சும்மா கிடைக்கும். ஸ்பீக்கர் ஓம்ஸ் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு ஓம்ஸ் எதிர்பார்க்கும் டிரான்ஸ்ஃபார்மரில் எட்டு ஓம்ஸ் போட்டால் வால்வு பார்க்கும் சுமை இரண்டு மடங்காகும், 5.2கே இருக்கவேண்டிய இடத்தில் 10.4கே. சின்ன வால்யூமில் ஓடும், மிதித்தால் நல்லதில்லை. ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டுவது டிரான்சிஸ்டர் செட்டில் பாதிப்பில்லை, வால்வில் கூடவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறி உள்ளே பொறி பறக்கும், சாக்கெட்டில் 7ஆம் காலுக்கும் பக்கத்துக் காலுக்கும் நடுவில் கருப்புக் கோடு விழும். அந்த ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரும் கட்டைவிரல் அளவு இரும்புதான், தடித்த கம்பியில் திணறும். அது சிலருக்குப் பிடித்தே இருக்கிறது. வாசிக்கிற பையன்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் உங்கள் செட்டைப் பார்க்கவில்லை, நீங்கள் எழுதிய ஐந்து வரியை வைத்துத்தான் இவ்வளவும். வால்வை எடுத்து ஊதிப் பார்த்து, மீட்டரில் அந்த இரண்டு பின்னையும் அளந்துவிட்டு, என்ன வந்தது என்று இதன் கீழேயே எழுதுங்கள். பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அதுவரைக்கும் பிளக்கைச் சுவரில் வைக்காதீர்கள்.